பாரான்கூவுக்குப் புதுத்தோல்: நான்காவது முறை

2025 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு பத்தேகாலுக்கு எங்கள் தெருமுனையில் பாரான்கூ என்ற அந்தச் சிறிய மேளம் ஒலித்தது. பதினெட்டுப் பையன்கள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒருவனுடைய அடியைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம். ஆனாலும் எனக்குக் கேட்டது. இரண்டு மாதமாக அந்த ஒலி எப்படி வரவேண்டும், எப்படி வரக்கூடாது என்பதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காது இது. அது சரியாக வந்ததால்தான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் மூன்று முறை தவறியது.

ஜப்பானின் ஒகினாவா தீவின் நடுப்பகுதியில், உருமா நகரத்தின் கத்ஸுரென் பக்கத்தில் வசிக்கிறேன். எய்சா இங்கே ஓபோன் என்னும் முன்னோர் திருநாளில் ஆடும் ஆட்டம். சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் 13ஆம் நாள் உன்கே, முன்னோரை வீட்டுக்கு வரவேற்பது. 15ஆம் நாள் ஊகுயி, வழியனுப்புவது. இந்த நாட்களில் ஒவ்வோர் ஊரின் இளைஞர் சங்கமும் தெருத்தெருவாக ஆடிக்கொண்டு போகும். அந்த ஊர்வலத்துக்கு மிச்சிஜுனே என்று பெயர். 1603இல் ரியூக்யூவுக்கு (ஒகினாவாவின் பழைய அரசு) வந்த தைச்சூ என்ற பௌத்தத் துறவி பரப்பிய, புத்தர் பெயரை ஓதும் நெம்புத்ஸு வழிபாட்டிலிருந்து இது வளர்ந்தது என்பார்கள். மேடையில் பெரிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓபோன் முடிந்த வார இறுதியில் ஒகினாவா நகரத்தில் நடக்கும் அனைத்துத்தீவு எய்சா விழாவுக்குப் போவார்கள். அந்தப் பக்கம் தோளில் மாட்டிய பெரிய தைகோ மேளமும் கயிற்றால் இறுக்கிய ஷிமேதைகோவும் அதிகம். எங்கள் கத்ஸுரென் பக்கத்தில் பாரான்கூ. இடது கையில் பிடித்து வலது கைக் குச்சியால் அடிக்கும், ஒருபக்கம் மட்டுமே தோல் உள்ள சிறிய தட்டையான மேளம்.

ஜூன் கடைசியில் கொமின்கானில், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தில், பையன்கள் இரவுப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டுப் பையன் உயர்நிலைப் பள்ளியில் முதல் ஆண்டு. அவனுக்கு இதுதான் முதல் எய்சா. தாத்தாவின் பாரான்கூவைத்தான் அடிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தான். அந்தப் பாரான்கூவின் தோல் நடுவில் கிழிந்து உள்பக்கமாகத் தொங்கியது. நான் மரவேலை செய்பவன் என்பது அவர்களுக்குத் தெரியும். "நீனீ (அண்ணா), இதைச் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டான். யோசிக்காமல் முடியும் என்று சொல்லிவிட்டேன். தோல் வேலை அதற்கு முன் செய்ததே இல்லை.

பழைய தோலைப் பிரித்தவுடன் அளந்து எழுதிக்கொண்டேன். சட்டத்தின் வெளிவிட்டம் 22 செ.மீ., உள்விட்டம் 19, ஆழம் 5. அவ்வளவு மரத்துக்கு எடை மிகக் குறைவு. நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. "தேய்கோ மரம். என் அண்ணன் குடைந்தது" என்றார் ஓஜீ, பையனின் தாத்தா. தேய்கோ நம் கல்யாண முருங்கையேதான். இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தின் சிவப்புப் பூதான் ஒகினாவா மாகாணத்தின் மலர். மரம் இலேசாக இருப்பதால் இங்கே அரக்குப் பாத்திரங்களுக்கும் அதைக் கடைவார்கள். 2005 முதல் ஒரு சிறு குளவி இலைகளில் கழலை உண்டாக்கித் தீவெங்கும் தேய்கோ மரங்களைப் பாழாக்கி வருகிறது. இந்தச் சட்டம் உடைந்தால் இதேபோல் இன்னொன்று கிடைக்காது என்ற பயம் அன்றே வந்துவிட்டது.

உட்புறத்தில் பென்சிலால் 'ஷோவா 48' என்று எழுதியிருந்தது. 1973. ஒகினாவா அமெரிக்க ஆட்சியிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பிய மறு ஆண்டு. கோசாவில் (இன்றைய ஒகினாவா நகரம்) 1956இல் தொடங்கிய அனைத்துத்தீவு எய்சா அப்போதும் பரிசுக்கான போட்டியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. 1977இல்தான் அதை விழாவாக மாற்றினார்கள். வெளிப்புறத்தில், தோல் முடியும் விளிம்புக்குக் கீழே, ஓர் ஆழமற்ற பள்ளம். நீளம் 3 செ.மீ., ஆழம் 2 மி.மீ. இருக்கும். மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் வேகத்தில் அதையும் உப்புத்தாளால் சமமாக்கப் போனேன். ஓஜீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிறகு பாரான்கூவை வாங்கி இடது கையில் பிடித்துக் காட்டினார். நான்கு விரல்கள் திறந்த பின்பக்கத்தின் உள்ளே, கட்டைவிரல் வெளியே. கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய் அமர்ந்தது. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் முறை: ஜூலை 5. இசைக்கருவித் தோல் விற்கும் ஒருவரிடமிருந்து பதனிடாத மாட்டுத்தோல் வரவழைத்தேன். 40 செ.மீ. சதுரம், 3,300 யென். வெர்னியரில் அளந்தால் ஓரத்தில் 1.0, நடுவில் 1.2 மி.மீ. பலகைபோல் விறைப்பாக இருந்தது. ஊறவைக்க வேண்டும் என்று தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவசரத்தில் வாளியில் கொதிநீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து ஊற்றினேன். கை வைக்க முடியாத சூடு. ஐந்தே நிமிடத்தில் தோல் சுருண்டு மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது, ஓரங்கள் தடித்துப் பசைபோல் வழுவழுத்தன. சூடு பட்டால் பச்சைத்தோல் சுருங்கி, பிறகு கரையவே தொடங்கிவிடும். மரவேலைக்கு நான் வாங்கும் வஜ்ஜிரப் பசையே தோலைக் காய்ச்சி எடுப்பதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 3,300 யென் குப்பைக்குப் போயிற்று.

இரண்டாம் முறைக்கு இன்னொரு தோல். இந்தத் தடவை குழாய்த் தண்ணீரில் இரவு முழுவதும், 12 மணி நேரம். காலையில் ஈரத்துணிபோல் மடிந்தது. அந்த நிலைதான் வேண்டும். 36 செ.மீ. வட்டமாக வெட்டினேன். ஒவ்வொரு பக்கமும் 7 செ.மீ. கீழே தொங்கும். குறடால் இழுத்து இழுத்து, பழைய ஆணித் துளைகளிலேயே புதிய குமிழ் ஆணிகளை அடித்தேன். நாற்காலி மெத்தைக்கு அடிக்கும் ஆணிகள், கால் நீளம் 11 மி.மீ., ஒரு பெட்டி 440 யென். கையால் தட்டிப் பார்த்தபோது நன்றாக இருப்பதாகவே தோன்றியது. காய்வதற்காகப் பால்கனியில் நேர் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தால் வெயில் பட்ட பக்கத்தில் ஐந்து ஆணிகள் பாதி வெளியே எழும்பி நின்றன. அந்தப் பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அலை அலையாகச் சுருக்கம். 52 ஆண்டுப் பழைய துளைகள், விட்டத்தில் அகன்று துருத்தூள் நிறைந்தவை; அதிலும் தேய்கோ மரம். ஆணி எதைப் பிடித்து நிற்கும்?

தோலைத் தூக்கி எறிய இருந்தேன். ஓஜீ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்ப ஊறப்போடு. தோல் கோபித்துக்கொள்ளாது" என்றார். இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள சொல் அதுதான். சுடாத தோலை எத்தனை முறை வேண்டுமானாலும் நனைத்து மறுபடி இழுக்கலாம். மீதி இரண்டு முயற்சிகளையும் அந்த ஒரே தோலில்தான் செய்தேன்.

இங்கே நாள்காட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2025இல் சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. 2024இல் ஆகஸ்ட் 18ஆம் தேதியே ஊகுயி முடிந்துவிட்டது. 2025இல் அது செப்டம்பர் 6 வரை தள்ளிப்போயிற்று. அந்த அதிக மாதம் வந்திராவிட்டால் பையன் வெறுங்கையோடு நின்றிருப்பான்.

மூன்றாம் முறைக்கு முன் இரண்டு வாரம் தயாரிப்பு மட்டும். முதலில் பழைய துளைகள். ஒவ்வொன்றையும் 3 மி.மீ. பிட்டால் துருவிச் சுத்தம் செய்து, மரப்பசை தடவிய மூங்கில் குச்சித் துண்டை இறுக்கி அடித்து, காய்ந்ததும் மட்டமாக அறுத்தேன். மொத்தம் 28 துளைகள், இரண்டு மாலைகள். புதிய ஆணி வரிசையைப் பழையதற்கு 4 மி.மீ. கீழே குறித்தேன். இந்தத் தடவை மேளத்துக்கென்றே வரும் ஆணிகள், கால் 15 மி.மீ. ஒரு பொட்டலத்தில் 40, விலை 1,100 யென்.

அடுத்தது இழுக்கும் ஏற்பாடு. கையால் இழுத்த இழுப்பு போதாது என்பது தெளிவாகிவிட்டது. 45 செ.மீ. சதுரப் பிளைவுட், தடிமன் 18 மி.மீ. அதன் ஓரத்தில் சுற்றிலும் 16 கொக்கித் திருகுகள். நடுவில் என் காரின் ஜாக்கி, அதன்மேல் 21 செ.மீ. வட்டப் பலகை, அதன்மேல் பாரான்கூச் சட்டம். தோலின் விளிம்பிலிருந்து கயிறுகள் கொக்கிகளுக்கு இறங்கும். ஜாக்கியைத் திருகினால் சட்டம் மேலே எழும். தோல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுபடும். பெரிய தைகோவுக்குத் தோல் ஏற்றுபவர்களும் இதே தத்துவத்தில்தான் செய்கிறார்கள், அவர்களுடைய ஜாக்கி பெரிது.

முதலில் தோலில் துளையிட்டுக் கயிற்றை நேரடியாகக் கோத்தேன். ஜாக்கி நான்கு சுற்று ஏறியதும் இரண்டு துளைகள் வெடித்துக் கிழிந்தன. அதன் பிறகு துளைகளுக்குப் பதில் 2 செ.மீ. இடைவெளியில் இரட்டைக் கீறல்கள். ஒவ்வொரு ஜோடிக் கீறலிலும் பாதியாக உடைத்த மூங்கில் சாப்பாட்டுக் குச்சி ஒன்றை நுழைத்து, கயிற்றைக் குச்சியின் இரு முனைகளிலும் மாட்டினேன். இழுப்பு முழுவதையும் குச்சி வாங்கிக்கொள்கிறது, தோல் கிழிவதில்லை. 110 யென்னுக்கு வாங்கிய குச்சிக் கட்டுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

ஆகஸ்ட் 9 அன்று இழுத்து, வீட்டுக்குள் நிழலில் மூன்று நாள் காயவைத்தேன். பிறகு ஒவ்வோர் ஆணிக்கும் 1.5 மி.மீ. முன்துளை இட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி 32 ஆணிகளை அடித்து, மீதித் தோலைக் கத்தியால் அறுத்தேன். மேற்பரப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. ஏர் கண்டிஷனர் ஓடும் அறையில் தட்டினேன். 'தன்' என்று தெளிவான ஒலி. கைபேசிச் செயலி 300 ஹெர்ட்ஸ் காட்டியது. அன்றிரவே பையன் அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு ஓடினான்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் ஓர் அடி அடித்தான். ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் 'தொப்' என்றது. 225 ஹெர்ட்ஸ்.

நான் செய்த பெரிய தவறு அங்கே இருந்தது. அறையில் ஈரப்பதம் 55 சதவீதம். கொமின்கான் முற்றத்தில் 83. அதை அளக்க மறுநாள்தான் 1,100 யென்னுக்கு மீட்டர் வாங்கினேன். பச்சைத்தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். ஷிமேதைகோ என்றால் கயிற்றை இறுக்கலாம். ஆணி அடித்த பாரான்கூவை இறுக்க வழியில்லை. இது அடிக்கப்படப்போவது ஏ.சி. அறையில் இல்லை, கோடைகால ஒகினாவாவின் இரவுத் தெருவில். அங்கே எந்த ஒலி வேண்டுமோ அதற்காகத்தான் தோலை இழுத்திருக்க வேண்டும். என் பணிமேசையில் மிக அதிகம் என்று தோன்றும் இழுப்புத்தான் தெருவில் போதுமான இழுப்பு.

ஆணிகளைப் பிடுங்குவது அடிப்பதைவிடக் கடினம். கத்தி முனையால் ஒவ்வொன்றையும் நெம்பினேன். 32இல் ஆறு வளைந்துபோயின. மீதித் தோலை அறுத்துவிட்டிருந்தேன் அல்லவா, இப்போது கயிறு கட்ட விளிம்பே இல்லை. ஆணி வரிசைக்குக் கீழே 2 செ.மீ. விட்டுத்தான் அறுத்திருந்தேன், அந்த ஓரத்திலேயே புதுக் கீறல்கள் போட்டு, குச்சிகளை இன்னும் மெல்லியதாகச் சீவி நுழைத்தேன். முழு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நான்காம் முறை ஜாக்கியை முந்தையதைவிட மூன்று சுற்று அதிகம் ஏற்றினேன். இரண்டாவது சுற்றில் 'டிக்' என்று ஒரு சத்தம். என் வயிறு கலங்கியது. சட்டத்தின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 4 செ.மீ. நீளத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல். உடனே ஜாக்கியை இறக்கினேன். விரிசலை விரலால் விரித்து மரப்பசையை மெல்லிய அட்டைத் துண்டால் உள்ளே தள்ளி, மூன்று ஹோஸ் கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்து சட்டத்தைச் சுற்றி இறுக்கினேன். மரத்தில் தடம் விழாமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப். இரண்டு நாள் தொடவில்லை. அதன்பின் அந்தக் கிளிப் வளையத்தைக் கழற்றாமலேயே, ஆணி வரிசைக்குக் கீழே இருத்திவைத்து, மறுபடி இழுத்தேன். வளையம் தாங்கியது. இதை முதலிலேயே செய்திருந்தால் விரிசலே வந்திராது.

மூன்று சுற்றையும் ஒரே மூச்சில் ஏற்றவில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தோலின்மேல் கட்டைவிரலால் மையத்திலிருந்து ஓரம்வரை அழுத்தித் தேய்த்தேன். ஈரத்தோல் விரலடியில் முதலில் மாவுபோல் நகரும். ஒரு கட்டத்தில் நகர்வது நின்று, கீழே ஏதோ கெட்டியாக எதிர்த்து நிற்பதுபோல் இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். இதை எண்ணில் சொல்லத் தெரியவில்லை, கட்டைவிரலுக்குத்தான் தெரியும். காயவைப்பது நிழலில், மின்விசிறி நேராகப் படாமல், நான்கு நாள். தினமும் காலையில் பலகையைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 24 அன்று கடைசி ஆணி. அறையில் 390 ஹெர்ட்ஸ், காதைக் குத்தும் கீச்சொலி. பையனின் முகம் வாடியது. "வெளியே வா" என்று அவனை முற்றத்துக்கு அழைத்துப் போனேன். கால்மணி நேரம் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அடிக்கச் சொன்னேன். 310. மேளத்தின் ஒலி தெருவுக்கு வந்திருந்தது.

ஊர்வல நாட்களில் இன்னும் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டோம். முன்பெல்லாம் இடையிடையே தீ மூட்டித் தோலைச் சூடு காட்டுவோம் என்றார் ஓஜீ. நாங்கள் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து நான்கு நிமிடம் காட்டினோம். அலமாரிக்குள் வைக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடிய பிளாஸ்டிக் பையில் பாரான்கூ கிளம்பும் நேரம் வரை இருக்கும். தெருவில் இளைப்பாறும்போதும் திரும்பப் பைக்குள். உன்கே இரவில் பையன் அதை மறந்து பனிப்புல்லில் வைத்துவிட்டான். கடைசி இரண்டு பாட்டுக்கு ஒலி மங்கியது. ஊகுயி இரவில் மறக்கவில்லை.

செலவுக் கணக்கு: தோல் இரண்டு 6,600, ஆணிகள் 1,540, பிளைவுட் துண்டுகள் 600, கயிறு 480, ஹோஸ் கிளிப் 780, பிட்டுகள் 350, குச்சி 110, ஈரப்பத மீட்டர் 1,100. மொத்தம் 11,560 யென். அதே அளவுப் புதிய பாரான்கூவுக்குக் கடையில் 8,800 என்று விலை ஒட்டியிருந்தது. வெந்துபோன தோலையும் உதவாத ஆணிகளையும் கழித்தால் 7,820. மீட்டரும் பலகையும் கொக்கிகளும் அடுத்த வேலைக்கு அப்படியே இருக்கின்றன.

அடுத்த முறை மாற்றப்போவதை இப்போதே எழுதி வைக்கிறேன். ஹோஸ் கிளிப் வளையத்தைத் தோல் நனைப்பதற்கு முன்பே போடுவேன். தெருவில் அடித்துப் பார்க்காமல் மீதித் தோலை அறுக்க மாட்டேன். தோலை 36க்குப் பதில் 40 செ.மீ. வட்டமாகவே விடுவேன். முக்கியமாக, இந்த வேலையைக் கோடையில் செய்ய மாட்டேன். மே மாதம் மழைக்காலம் தொடங்கினால் இங்கே எதுவும் ஒழுங்காகக் காயாது. ஜனவரியில் காற்று வறண்டிருக்கும், தோல் மெதுவாகச் சீராக இறுகும்.

ஊகுயி இரவு பத்தேகாலுக்குத் திரும்புகிறேன். அந்த நேரத்தில் வீடுகளில் முன்னோருக்கான காகிதப் பணத்தை எரித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் அந்தப் புகை வாசம். சான்ஷின் என்ற மூன்று தந்திக் கருவியை வாசிக்கும் பாடகர்கள் சிறிய லாரியில் முன்னால் போக, பின்னால் வெறுங்காலோடு பையன்கள், அதற்குப் பின்னால் கையாட்டப் பெண்கள். ஓஜீ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரன் எங்கள் வீட்டு முன்னால் வந்தபோது அவர் மேளத்தைப் பார்க்கவில்லை, பையனின் இடது கையைத்தான் பார்த்தார். கட்டைவிரல் பள்ளத்தில் இருந்தது. "கொஞ்சம் பெரிய கை" என்று மட்டும் சொன்னார்.

2026இல் ஊகுயி ஆகஸ்ட் 27. கொமின்கான் கிடங்கில் இன்னும் மூன்று பாரான்கூக்கள் தோல் கிழிந்து கிடக்கின்றன; அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டில் பழைய துளைகளை அடைத்தாயிற்று. மூன்றாவதைப் பையன் அடைத்துக்கொண்டிருக்கிறான்.